பிரெஞ்சு மரை: பழைய சைக்கிளில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

ஒருவரை ‘மரை கழன்ற ஆள்’ என்று சொன்னால் நம் ஊரில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய பிரெஞ்சு சைக்கிளை வாங்கியவர்களுக்கு அந்தப் பட்டம் இரண்டு பொருளிலும் பொருந்தும்.

என் முதல் பிரெஞ்சு சைக்கிள் 1970களின் தொடக்கத்தில் செய்த ஒரு பியூஜோ யூ.ஓ.8. பெடல் மிதிக்கும்போது பி.பி., அதாவது இரண்டு கிராங்க் கைகளையும் இணைக்கும் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட், கரகரத்தது. பால்ஸை மாற்றி கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பால்ஸைத் தாங்கி ஃபிரேமில் திருகி நிற்கும் வலப்பக்கக் கப்பில் ஸ்பானரைப் போட்டேன். ஹெர்குலிஸ் சைக்கிளைக் கழற்றிப் பழகிய கை. வலப்பக்கக் கப்பு என்றால் இடமரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். திருப்பினேன், அசையவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறியே நின்றேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: இவ்வளவு நேரமும் நான் கப்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு சைக்கிளில் இரண்டு பக்கமும் வலமரை.

அந்தத் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. பழைய பிரெஞ்சு சைக்கிளைப் பழுதுபார்க்க உட்கார்ந்தால் ஒவ்வொரு உதிரியிலும் ஒரு வழக்கு வரும். அசலாகவே வைத்திருப்பதா, ஓட்டத் தோதாக மாற்றுவதா? சேகரிப்பவர்கள் ஒரு பக்கம், ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம் நின்று இதற்காக விடிய விடியச் சண்டை போடுவார்கள். நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறேன். இது ஓடும்போது உடைந்தால் என் பல் போகுமா? நான் செய்யும் மாற்றத்தை நாளைக்கு இன்னொருவர் பழையபடி ஆக்க முடியுமா? பல் போகும் என்றால் அசல் என்ற பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். பழையபடி ஆக்க முடியாது என்றால் கருவியைக் கீழே வையுங்கள், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் வருவதெல்லாம் உங்கள் விருப்பம். அதில் யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, நான் உட்பட.

கையில் இருப்பது என்ன சைக்கிள்?

எதையும் கழற்றும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பிரெஞ்சு சைக்கிள்கள் ஏறக்குறைய மூன்று வகையில் அடங்கும்.

முதலாவது, ஆலையில் கூட்டம் கூட்டமாகச் செய்தவை. பியூஜோ யூ.ஓ.8, மோட்டோபெக்கான், ஜித்தான் ஆகியவற்றின் மலிவு மாடல்கள் இதில் வரும். 1970களின் முதல் பாதியில் அமெரிக்காவில் திடீரென்று சைக்கிள் பித்துப் பிடித்தபோது கப்பல் கப்பலாகப் போனவை இவை. இன்றும் நிறையக் கிடைக்கின்றன. இந்த வகையில் ஓட்ட வசதிதான் முதலில். இரண்டாவது, பியூஜோ பி.எக்ஸ்.10 போன்ற பந்தயச் சைக்கிள்கள். ரெனால்ட்ஸ் 531 குழாய், ஸ்ட்ராங்லைட் கிராங்க், மாஃபாக் பிரேக், சிம்ப்ளெக்ஸ் கியர் என்று முழுத் தொகுதியாக வந்தவை. இதில் கொஞ்சம் யோசித்துக் கை வைக்க வேண்டும். மூன்றாவது, ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பட்டறைகளில் ஆளுக்கு அளவெடுத்துக் கையால் செய்தவை. கேரியர், விளக்கு, மட்கார்ட் எல்லாம் சட்டத்தோடு (ஃபிரேமோடு) சேர்த்தே திட்டமிட்டிருப்பார்கள், சில உதிரிகள் அந்த ஒரு சைக்கிளுக்கென்றே செய்தவை. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, அனுபவமுள்ள ஒருவரைத் தேடிப் போங்கள்.

‘அசல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். விவரப் புத்தகத்தில் ஒன்று அச்சாகியிருக்கும், ஆலையில் அன்றைக்கு இருப்பில் இருந்தது வேறாக இருக்கும். தேவை ஏறிய காலத்தில் எந்தப் பிரேக், எந்த ரிம் வந்து இறங்கியதோ அதைப் பூட்டி அனுப்பினார்கள். டயர், டியூப், செயின், கேபிள், பிரேக் கட்டை, ஹேண்டில் துணி இவையெல்லாம் தேய்வதற்கென்றே வந்தவை. 50 வருடம் பழைய டயரை ‘அசல்’ என்று சொல்லி அதிக விலைக்குத் தள்ளப் பார்ப்பவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஏனென்றால் அதை மாற்றும் செலவு உங்களுடையது.

இப்போது படம் எடுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம், கேபிள் போகும் வழி, வாஷர் அடுக்கியிருக்கும் வரிசை. கழற்றிய பிறகு நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மில்லிமீட்டரும் அங்குலமும்

நம் சைக்கிள் மெக்கானிக்குகளின் கை பிரிட்டிஷ் அளவில் வளர்ந்தது. முருகப்பா குழுமம் 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து, அம்பத்தூர் சைக்கிளோடு அங்குலக் கணக்கும் சேர்ந்தே நம் பட்டறைகளுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மெட்ரிக் முறையைப் பெற்றவர்கள், அதனால் பெரும்பாலானவற்றை முழு மில்லிமீட்டரில் செய்தார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் மயிரிழைதான். எல்லா வம்பும் அந்த மயிரிழையில்தான்.

பி.பி. கப்பின் மரை பிரெஞ்சில் 35 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. பிரிட்டிஷ் அளவு 1.37 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. ஃபோர்க்கின் மேல்மரை பிரெஞ்சில் 25 மி.மீ., பிரிட்டிஷில் ஒரு அங்குலம், அதாவது 25.4. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் தண்டு 22.0, மற்றவர்களுக்கு 22.2. பெடல் மரை 14 மி.மீ., மற்றவர்களுக்கு 9/16 அங்குலம், சுமார் 14.3. சீட்டைத் தாங்கும் குழாயின் வெளிவிட்டம் 28.0, மற்றவர்களுக்கு 28.6. ஃப்ரீவீல் மரை 34.7, மற்றவர்களுக்கு 34.8.

அங்குலத்துக்கு 24 மரை என்றால் மரைக்கு மரை 1.058 மி.மீ. பிரெஞ்சு மரையில் ஆங்கில உதிரியைத் திருகினால் முதல் இரண்டு சுற்று போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று எண்ணெய் விட்டு இன்னும் பலமாகத் திருகுவோம். அந்த இடத்தில்தான் மரை செத்துப்போகிறது. விதி ஒன்றுதான்: கையால் மூன்று சுற்று போகாததை ஸ்பானரால் போகவைக்காதீர்கள்.

ஆகவே முதல் முதலீடு வெர்னியர் காலிப்பர். இரண்டாவது, மரை அளக்கும் பல்தகடு. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல டயரின் விலைகூட ஆகாது. இவை இல்லாமல் ஆன்லைனில் உதிரி வாங்குபவர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாங்குவார்.

உயிருக்கு உலை வைப்பவை

அசலா வசதியா என்ற வழக்குக்கே போகாமல் நேராக மாற்ற வேண்டியவை சில உண்டு. முதல் பெயர் ஆவா ஸ்டெம். அந்தக் கால பிரெஞ்சு சைக்கிள்கள் பலவற்றில் வந்த அலுமினிய ஸ்டெம் இது. இதன் தண்டைக் குழாய்க்குள் விரிய வைப்பதற்காக அடியில் நெடுக்காக ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு முடியும் முனையில்தான் அழுத்தம் முழுதும் குவியும். வருடக்கணக்கில் அது விரிசலாகி ஒருநாள் தண்டு முறியும். ஹேண்டில் உங்கள் கையில் இருக்கும், சைக்கிள் அதன் போக்கில் போகும். ஆங்கிலம் பேசும் பழைய சைக்கிள்காரர்கள் இதற்கு ‘சாவு ஸ்டெம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். கழற்றி, துடைத்து, அலமாரியில் வையுங்கள்.

மாற்றாக 22.2 தண்டுள்ள ஸ்டெம் எங்கும் கிடைக்கும். அது 22.0 குழாய்க்குள் போகாது, சுத்தியலால் தட்டி இறக்கவும் கூடாது. உப்புத்தாளை எடுத்து, குழாய்க்குள் இறங்கும் பகுதியை மட்டும் சுற்றிச் சுற்றி ஒரே சீராகத் தேயுங்கள். 0.2 மி.மீ. குறைய ஒரு சினிமாப் பாட்டுத் தொகுப்பு கேட்டு முடிக்கும் நேரம் ஆகும். தேய்க்க வேண்டியது புது ஸ்டெம்மை, ஃபோர்க்கின் உள்பக்கத்தை அல்ல. ஸ்டெம் போனால் இன்னொன்று வாங்கலாம், ஃபோர்க் போனால் அந்த மரைக்கு வேறு ஃபோர்க் தேடி ஒரு வருடம் அலைய வேண்டும். ஹேண்டில்பாரைக் கவ்வும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு ஹேண்டில்பார் அங்கே பெரும்பாலும் 25.0, பின்னாளில் வந்த மற்றவை 25.4 அல்லது 26.0. ஹேண்டில்பாரிலேயே ஸ்டெம் கவ்வும் இடத்தை விளக்கடித்துப் பாருங்கள். மயிர்க்கோடு தெரிந்தால் அதுவும் அலமாரிக்கு.

இரண்டாவது, குரோம் பூசிய இரும்பு ரிம். வெயிலில் ஒன்றும் தெரியாது. மழையில் பிரேக்கைப் பிடித்தால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். ரிம்மின் பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் போட்டு இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள், பெரிய பலனில்லை. தினமும் ஓட்டுவதானால் அலுமினிய ரிம்முக்கு மாறுங்கள். பழைய சக்கரத்தை அப்படியே கட்டிவைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம்.

இங்கே ஒரு லாபமும் இருக்கிறது. ஏற்றுமதிக்குச் செய்த சைக்கிள்கள் பலவற்றில் 27 அங்குலச் சக்கரம், டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ. அந்த அளவுக்கு இன்று டயர் கொஞ்சம்தான் கிடைக்கிறது. 700சி ரிம்மின் விட்டம் 622. வித்தியாசம் 8 என்றால் பிரேக் கட்டை இறங்க வேண்டியது பாதி, வெறும் 4 மி.மீ. மாஃபாக் பிரேக்கின் கை நீளமானது, சிரமமில்லாமல் எட்டும். பிரெஞ்சுச் சுற்றுலாச் சைக்கிள்காரர்கள் விரும்பிய 650பி அளவுக்கு, அதாவது 584க்கு, சிலர் மாற்றுகிறார்கள். 700சி சைக்கிளில் அதைச் செய்தால் கட்டை இன்னும் 19 மி.மீ. கீழே எட்ட வேண்டும். அளந்து பார்க்காமல் ரிம் வாங்காதீர்கள்.

பி.பி.யும் கிராங்கும்

என் வீரதீரம் நடந்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வலப்பக்கக் கப்பு இடமரையாக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் வைத்ததற்குக் காரணம் உண்டு. மிதிக்கும்போது கப்புக்குள் பால்ஸ் உருளும் விதம் அந்தக் கப்பைச் சிறிது சிறிதாகக் கழற்றும் திசையில் தள்ளும், இடமரையானால் அதே தள்ளல் கப்பை இறுக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வலமரை வைத்தார்கள், அதனால் சரியாக இறுக்காத கப்பு தானாகக் கழலும். சுவிஸ் முறை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அளவு அதே 35, ஆனால் வலப்பக்கம் இடமரை. 1970களின் பின்பாதியில் மோட்டோபெக்கான் அந்தப் பக்கம் போனது. எனவே ‘பிரெஞ்சு சைக்கிள், ஆகவே பிரெஞ்சு மரை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1980களில் வந்தவற்றில் சுவிஸும் இருக்கும், பிரிட்டிஷும் இருக்கும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் இடப்பக்கக் கப்பைக் கழற்றுங்கள். அது எல்லா முறையிலும் வலமரை, இடஞ்சுழியாகத் திருப்பினால் வரும். வந்ததும் அதன் விட்டத்தையும் மரையையும் அளந்தால் பிரிட்டிஷா இல்லையா என்று தெரிந்துவிடும். 35 என்றால் பிரெஞ்சா சுவிஸா என்பது வலப்பக்க மரையின் திசையில்தான் தெரியும். ஆக்சிலை உருவி, வலப்பக்கக் கப்பின் உட்புறத்தைத் துணியால் துடைத்து விளக்கடித்துப் பாருங்கள். பால்ஸ் ஓடும் தடம் வழவழப்பாக இருந்தால் அந்தக் கப்பைக் கழற்றவே வேண்டாம். இருந்த இடத்திலேயே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, புது கிரீஸ், புது பால்ஸ் போட்டு மூடுங்கள். பால்ஸ் மட்டும் கால் அங்குலம்தான். அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்களும் அங்குலத்துக்கு இறங்கிவந்தார்கள்.

தடத்தில் குழி விழுந்திருந்தால் மூன்று வழிகள். பழைய பிரெஞ்சுக் கப்பு தேடி வாங்கலாம். கிடைக்கும், பொறுமை வேண்டும். பிரெஞ்சு மரை வளையத்தோடு வரும் புதுக் காட்ரிட்ஜ் பி.பி., அதாவது அச்சும் பேரிங்கும் மூடிய ஒரே தொகுதியாக இருப்பது, வாங்கலாம். பில் உட் என்ற அமெரிக்க நிறுவனம் இப்படி மரை வளையத்தைத் தனியாகச் செய்ததால் பல பழைய சட்டங்கள் பிழைத்தன. அல்லது மரையே தேவைப்படாமல், இரண்டு பக்கமிருந்தும் கூம்பு வளையங்களால் கவ்வி நிற்கும் பி.பி. போடலாம். மூன்றுமே பழையபடி ஆக்கக்கூடியவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது, அதனால் கட்டை மீசை வைத்த சேகரிப்பாளர்கூடக் குறை சொல்ல மாட்டார்.

நான்காவதாக ஒரு வழியைச் சில பட்டறைகள் சொல்லும்: பழைய மரையைச் சீவி, 36 மி.மீ. இத்தாலிய மரை வெட்டுவது. அப்படி வெட்டினால் பிரெஞ்சு மரை போனது போனதுதான். இருக்கும் மரை முழுதாக அழிந்த சட்டத்துக்கு அது கடைசி வைத்தியம், நல்ல மரைக்கு அது கொலை. பிரிட்டிஷ் மரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 35 மி.மீ. ஓட்டையில் 34.8 மரை எங்கே பிடிக்கும்?

கிராங்குக்கு வருவோம். மலிவு மாடல்களில் அச்சோடு ஒரு பின்னால் இறுக்கிய காட்டர் பின் கிராங்க் இருக்கும். நமக்குப் புதிதல்ல, தெருமுனைக் கடையில் அரத்தால் ராவிப் பின் அடிப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் நம் ஊர்ப் பின் 9.5 மி.மீ., பிரெஞ்சுப் பின் பெரும்பாலும் 9.0. பெரியதைச் சுத்தியலால் இறக்க முயன்றால் கிராங்கின் ஓட்டை விரியும். சரியான அளவில் வாங்குங்கள், ராவுவதைப் பின்னின் சாய்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுமினிய கிராங்கில் வேறு ஒரு பொறி. அதைக் கழற்றும் இழுவைக் கருவி பொதுவாக 22 மி.மீ. மரையில் வரும். பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35 வேண்டும், டி.ஏ. என்ற இன்னொரு நிறுவனத்தின் கிராங்குக்கு 23. அளவு தப்பான கருவியைத் திருகினால் தளர்வாகப் பிடித்ததுபோல ஒரு நடிப்பு நடித்துவிட்டு, இழுக்கும்போது கிராங்கின் மரை முழுவதையும் சுருள் சுருளாக உருவிக்கொண்டு வரும். சரியான கருவி விலை அதிகம். ஸ்ட்ராங்லைட் 49டி கிராங்கின் விலை அதைவிட அதிகம்.

பெடலில் ‘டி’, ‘ஜி’ என்ற எழுத்துகள் இருந்தால் அவை பிரெஞ்சில் வலம், இடம் என்பதைக் குறிப்பவை. ‘எல்’, ‘ஆர்’ தேடிக் குழம்பாதீர்கள். 14 மி.மீ. மரையுள்ள பழைய லியோத்தார் பெடல்கள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. புதுப் பெடல்தான் வேண்டும் என்றால் கிராங்கில் 9/16 மரை வெட்டிக்கொள்ளலாம். ஓட்டை பெரிதாகும் திசையில்தான் போகிறது, அதனால் நன்றாகவே பிடிக்கும். திரும்ப முடியாத மாற்றம்தான். ஆனாலும் சாதாரண கிராங்கில் நான் இதற்குச் சம்மதிப்பேன், அரிய கிராங்கில் மாட்டேன். என் விதியை நானே மீறும் இடம் இது ஒன்றுதான்.

கியர்: பிளாஸ்டிக்கின் கதை

தீஜோன் நகரில் லூசியன் ஜுய் தொடங்கிய சிம்ப்ளெக்ஸ் நிறுவனம், 1960களில் செயினைத் தள்ளும் டிரெய்லியரை டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கியது. எடை குறைவு, துருப்பிடிக்காது, உராய்வும் குறைவு. அன்றைக்கு அது புதுமை. ஐம்பது வருட வெயில் பட்டபின் அது அப்பளம். முன் டிரெய்லியரைக் குழாயில் கவ்வும் இடம் கொஞ்சம் அதிகம் இறுக்கினாலே விரியும்.

விரிசல் இல்லாமல் இருந்தால் ஓட்டலாம். ஆனால் கரடுமுரடாகக் கியர் மாற்றும் ஆளாக நீங்கள் இருந்தால், அல்லது ஊருக்கு வெளியே தனியாகப் போவதாக இருந்தால், மாற்றிவிடுங்கள். அசல் காக்கும் மனசாட்சிக்கு ஒரு ஆறுதல் சொல்கிறேன். 1970களிலேயே அமெரிக்கக் கடைக்காரர்கள் உடைந்த சிம்ப்ளெக்ஸைக் கழற்றிவிட்டு ஜப்பானின் சன்டூர் டிரெய்லியரைப் பூட்டினார்கள். 1964இல் சன்டூர் கண்டுபிடித்த சாய்ந்த இணைகர அமைப்பு, செயினைப் பல்சக்கரங்களுக்கு ஒட்டியே நகர்த்தும். பின்னாளில் காப்புரிமை முடிந்ததும் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். விலையும் மலிவு. எனவே சன்டூர் பூட்டிய யூ.ஓ.8 அந்தக் காலத்தில் தெருவில் ஓடிய சைக்கிளேதான், காட்சிக்கூடத்தில் நின்றது அல்ல.

மாற்றும்போது பின் சக்கர அச்சு உட்காரும் தகட்டைக் கவனியுங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் டிரெய்லியர் தனிக் கொக்கித் தகட்டில் தொங்கும். அதைக் கழற்றி வேறு கொக்கியோடு புதிது போட்டால் சட்டத்துக்கு ஒரு கீறலும் விழாது. பந்தய மாடல்களில் சட்டத்தோடு ஒன்றான சிம்ப்ளெக்ஸ் தகடு இருக்கும். அதன் ஓட்டையில் மரை கிடையாது. மற்ற டிரெய்லியர்களுக்கு 10 மி.மீ. மரை வேண்டும். ஓட்டையைக் குடைந்து மரை வெட்டுவார்கள், நிறுத்துப் பள்ளம் ஒன்றை அரத்தால் ராவுவார்கள். வேலை எளிது, ஆனால் பழையபடி ஆகாது. பி.எக்ஸ்.10இல் இதைச் செய்யும் முன், நல்ல நிலையில் உள்ள சிம்ப்ளெக்ஸ் ஒன்றைத் தேடிப் பாருங்கள். உலோகத்தில் செய்த பிற்கால சிம்ப்ளெக்ஸ் அதே தகட்டில் நேராக உட்காரும்.

கழற்றக் கூடாத சிம்ப்ளெக்ஸ் ஒன்று உண்டென்றால் அது உள்ளே சுருள்வில் பிடிப்பு வைத்த கியர் நெம்புகோல். ஒரு பக்கம் இழுக்க இலேசாக இருக்கும், விட்ட இடத்தில் வழுகாமல் நிற்கும். ஜப்பானிய டிரெய்லியரோடும் இத்தாலிய டிரெய்லியரோடும் இதைப் பூட்டி ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் சைக்கிளில் இருந்தால் அதிர்ஷ்டம்.

புது முன் டிரெய்லியரின் கவ்வி 28.6 மி.மீ. குழாய்க்கு வரும், உங்கள் குழாய் 28.0. குளிர்பான டப்பாவிலிருந்து ஒரு பட்டை வெட்டி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் இடைவெளி அடையும். இந்தப் பொருத்தலுக்கு நான் ஒரு பைசா செலவழித்ததில்லை.

ஃப்ரீவீலில் மட்டும் சமாதானம் வேண்டாம். ஆங்கில மரை ஃப்ரீவீலை பிரெஞ்சு ஹப்பில் திருகினால் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. தளர்வாக ஏறி, ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஹப்பின் மரையைச் சீவிவிட்டுச் சுற்றும். ஹப்பும் ஃப்ரீவீலும் ஒரே ஊராக இருக்கட்டும், இல்லையென்றால் சக்கரத்தையே மாற்றுங்கள். பழைய ஐந்து கியர் சக்கரத்துக்குப் பின் தகடுகளின் இடைவெளி 120 மி.மீ., ஆறு கியருக்கு 126, பிற்காலச் சாலைச் சக்கரத்துக்கு 130. இரும்புச் சட்டம் வளையும். 126 சக்கரத்தைக் கையால் விரித்தே நுழைக்கலாம். 130க்குப் போக வேண்டுமானால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே ஐந்தைந்து மி.மீ. வளைக்க வேண்டும். ஒரு நீளமான மரச்சட்டத்தை உள்ளே கொடுத்து, நெம்பி, ஹேண்டில் தலைக்குழாயிலிருந்து இரண்டு தகடுகளுக்கும் நூல் பிடித்து, சீட்டுக் குழாயிலிருந்து நூலின் தூரம் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். முதல் சைக்கிளில் இதைச் செய்யாதீர்கள். கையால் செய்த சட்டத்தில் எப்போதுமே செய்யாதீர்கள்.

பிரேக்

கிளெர்மோன்-ஃபெரானில் செய்த மாஃபாக் ரேசர் பிரேக்கைக் கழற்றிவிட்டு நவீனமாக ஒன்று போடச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் கேட்டது அதன் அலறலை மட்டும்தான். தெருவே திரும்பிப் பார்க்கும் அலறல், ஒப்புக்கொள்கிறேன். குற்றம் பிரேக்குடையது அல்ல, பாறையாகிப்போன கட்டையுடையது. வழவழப்பான தண்டுள்ள புதுக் கட்டைகள் இன்றும் செய்கிறார்கள், அவற்றில் சிவப்பு வகையைப் போடுங்கள். மாஃபாக்கில் கட்டையை எந்தக் கோணத்திலும் திருப்பி நிறுத்தலாம். கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடும்படி, பின்முனையில் ஒரு தபால் அட்டை கனம் இடைவெளி விட்டு இறுக்குங்கள். அலறல் நிற்கும். கேபிளையும் இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியையும் புதிதாக்குங்கள். பழைய நெம்புகோலை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பாதி ரப்பர் உறைக்குப் புது நகல் கிடைக்கிறது.

ஒரே எச்சரிக்கை: முக்கிய கேபிள் அறுந்தால் அந்தக் குறுக்குக் கம்பி டயரின்மேல் விழும். முன் சக்கரத்தில் அப்படி விழுந்து சிக்கினால் நீங்கள் ஹேண்டிலைத் தாண்டிப் பறப்பீர்கள். மட்கார்ட் இருந்தால் கம்பியைத் தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஃபோர்க் தலையில் ஒரு சின்ன வளைதகடு பூட்டிவையுங்கள்.

சீட்டும் மற்றதும்

இதியால் தோல் சீட்டு கிழியாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கிழிந்திருந்தால் பெட்டிக்கு. சீட்டுத் தண்டின் அளவை மட்டும் ஊகிக்காதீர்கள். ரெனால்ட்ஸ் 531 சட்டங்களில் 26.4 அடிக்கடி வரும், கனமான மலிவுக் குழாயில் அதைவிட ஒன்றிரண்டு மி.மீ. குறையும். இருக்கும் தண்டிலேயே அளவு குத்தியிருக்கும், ஆனால் முந்தைய சொந்தக்காரர் தப்பானதைப் போட்டு இறுக்கியிருக்கவும் கூடும். தண்டு இறுகிப்போய் வரவில்லை என்றால் துருநீக்கி எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். ஃபோர்க் கப்பு நன்றாக இருந்தால் பால்ஸும் கிரீஸும் மாற்றுவதோடு நில்லுங்கள். பிரெஞ்சு மரையில் புதுக் கப்பு தேடுவது தலைவலி.

விழாக்களில் ஓட்டும் ஆசை இருந்தால், இத்தாலியில் 1997 முதல் நடக்கும் எரோய்க்கா போன்ற பழைய சைக்கிள் ஓட்டங்களின் விதிகளைப் படித்துப் பாருங்கள். 1987க்கு முந்தைய வகைச் சாலைச் சைக்கிள், கீழ்க் குழாயில் கியர் நெம்புகோல், வெளியே தெரியும் பிரேக் கேபிள், கால் பட்டை வைத்த பெடல் என்பவைதான் முக்கியமாகக் கேட்பவை. உங்கள் டிரெய்லியர் தீஜோனில் செய்ததா ஜப்பானில் செய்ததா என்று யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

பெட்டியும் முதல் ஓட்டமும்

கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, பையில் போட்டு, எந்த இடத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று சீட்டு எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். ஆவா ஸ்டெம்முக்கான சீட்டில் ‘பூட்டாதே’ என்று பெரிதாக எழுதுங்கள். சைக்கிளை விற்கும்போது பெட்டியும் கூடவே போகட்டும். பெட்டியோடு வரும் சைக்கிளுக்கு நான் கூடுதல் விலை கொடுத்திருக்கிறேன். பெட்டியில் முக்கால்வாசி உடைந்த பிளாஸ்டிக்தான் என்று தெரிந்தே கொடுத்தேன்.

முதல் நாள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். திரும்பி வந்ததும் கிராங்க் போல்ட், ஸ்டெம் போல்ட், பிரேக் கட்டை எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அடுத்தது முப்பது கிலோமீட்டர். வந்ததும் வலப்பக்க பி.பி. கப்பின் விளிம்பிலும் சட்டத்திலும் சேர்ந்தாற்போல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். மாதம் ஒருமுறை கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கோடு விலகியிருந்தால் கப்பு கழலத் தொடங்கிவிட்டது. கடிகாரம் சுற்றும் திசையில் இறுக்குங்கள், இந்த முறை அதுதான் சரியான திசை.